மைனஸ் 20-க்கு ஒரு மங்கி குல்லா

(வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கக் கிளம்பும் மதுரைப் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட மும்முரமாகப் பெட்டி கட்டும் சொந்தபந்தங்களுக்கும் ஒரு கையேடு)

பிள்ளைக்கு வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் உறுதியானதும் அப்பா பேங்க் லோனுக்கு அலைவார். பிள்ளை விசாவுக்கு அலையும். மிச்சமிருக்கும் அத்தனை பேரும் ஸ்வெட்டருக்கு அலைவார்கள். மார்கழி அதிகாலையில் 20 டிகிரியைத் தொட்டாலே மஃப்ளர் தேடுகிற ஊர் இது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு மணி நேரம் நடுங்கியதுதான் நம்மில் பலருடைய குளிர் அனுபவம். அந்த அனுபவத்தை மூலதனமாக வைத்துத்தான் கஜகஸ்தானுக்கு ஆலோசனை சொல்வோம். அதைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். கீழ்க்கண்ட விதிகள் அதற்குத்தான்.

விதி 1: எந்த ஊர் என்று ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள்

‘ஃபாரின்’ என்றாலே பனிமலை என்று நினைப்பது நம் சினிமா டூயட்டுகள் செய்த வேலை. அங்கே ஹீரோ ஜெர்கின் போட்டிருப்பார், ஹீரோயின் மெல்லிய சேலையில் ஆடுவார், இருவருக்கும் ஜலதோஷம் பிடிக்காது. அதைப் பார்த்துப் பெட்டி கட்டினால் வம்பு.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகிற பிலிப்பைன்ஸின் டாவோ நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 7 டிகிரியில் இருக்கிறது. மதுரை சுமார் 10 டிகிரி. அதாவது நம்மைவிட ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே வேண்டியது குடையும் சீக்கிரம் காய்கிற சட்டையும்தான். கஜகஸ்தானின் கரகண்டா, செமேய் என்றால் சமாச்சாரமே வேறு. ஜனவரியில் மைனஸ் 20 அங்கே சர்வசாதாரணம். கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் குளிர்காலத்தில் பனி உறையும், ஜூலையில் மதுரை வெயிலே அடிக்கும். ஜார்ஜியாவின் திபிலிசியில் பனி எப்போதாவதுதான், காற்றுக்குத்தான் பஞ்சமில்லை.

இவ்வளவையும் நீங்கள் விளக்கி முடித்ததும் பெரியப்பா, “எல்லாம் ரஷ்யாப் பக்கந்தானப்பா?” என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விதிக்குப் போங்கள்.

விதி 2: பெட்டியின் உண்மையான உரிமையாளர் யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

விமானக் கம்பெனியைப் பொறுத்து 23 கிலோவோ 30 கிலோவோ பெட்டியில் போகும். கைப்பையில் பெரும்பாலும் 7 கிலோ. இதில் துணிக்கு எவ்வளவு இடம் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், குக்கர், அந்தக் குக்கருக்கு ஸ்பேர் கேஸ்கட் என்று எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு மிஞ்சுகிற சந்துபொந்துகள்தான் துணிக்கு. ஜீன்ஸின் மருத்துவக் கல்லூரி வாழ்க்கை, ஊறுகாய் பாட்டில் உடையாமல் சுற்றுவதில் தொடங்குகிறது.

தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டால் 38 கிலோ காட்டும். “தராசு தப்பு” என்பார் அம்மா. அப்போது பெட்டியிலிருந்து வெளியேறுவது குக்கர் அல்ல, உங்கள் இரண்டு ஜீன்ஸ். போகட்டும், விடுங்கள். ஜீன்ஸ் கனம், ஹாஸ்டல் அறையில் லேசில் காயாது, நனைந்தால் பனியில் விறைத்துக்கொள்ளும். அம்மா தெரியாமல் செய்த நல்ல காரியம் அது.

விதி 3: ஸ்வெட்டர்களை வாங்கிக்கொள்ளுங்கள், கொண்டுபோகாதீர்கள்

திருநகர் அத்தை ஒரு ஸ்வெட்டர். சிம்மக்கல் சித்தி ஒரு ஸ்வெட்டர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமா 1980-களில் லே பக்கம் போட்டிருந்த ஒரு கோட்டு. அதில் இன்னும் அந்துருண்டை வாசனை இருக்கும். கூடவே, கண் மட்டும் தெரிகிற மங்கி குல்லா, குறைந்தது நான்கு. எல்லாவற்றையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்குங்கள். விமானம் ஏறும் முன் பாட்டி வீட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். குளிரைத் தடுப்பது துணியின் கனம் அல்ல, துணிகளுக்கு நடுவே நிற்கிற காற்று. அதனால் ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் ஃபிளீஸோ கம்பளியோ, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்திப் பனியன் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினால் அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். நின்றதும் குளிர் எலும்பில் ஏறும். திருப்பூர் பனியனைக் குறை சொல்லவில்லை. அது வியர்க்கும் ஊருக்கென்று பிறந்தது.

இன்னொன்று: அந்த ஊர்களில் வெளியேதான் மைனஸ். ஹாஸ்டலும் வகுப்பறையும் ஹீட்டர் குழாய்களால் கதகதவென்றுதான் இருக்கும். தலைவழியாக மாட்டிய தடி ஸ்வெட்டரோடு பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்தால் அரைமணியில் சித்திரை மாதம் வந்துவிடும். முன்னால் ஜிப் வைத்ததாகவே எடுங்கள்.

பெரிய ஜாக்கெட்டையும் பனிக்கால பூட்ஸையும் அங்கே போய் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். செப்டம்பர், அக்டோபரில் போய்ச் சேர்கிறவர்களுக்குக் கடுங்குளிருக்கு முன் கொஞ்ச நாள் அவகாசம் இருக்கிறது. பிஷ்கெக்கில் தோர்தோய் சந்தை என்று ஒன்று உண்டு. கப்பல் கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைவீதியாக்கிய பெரும் சந்தை. கீழே கடை, மேலே குடோன். திபிலிசிக்காரர்களுக்கு லிலோ சந்தை. விளக்குத்தூணில் பேரம் பேசி வளர்ந்தவர்களுக்கு அங்கே மொழி ஒரு தடையே இல்லை. பூட்ஸ் மட்டும் அரை சைஸ் பெரிதாக எடுங்கள், தடித்த சாக்ஸுக்கு இடம் வேண்டும். அடிப்பாகம் வழுவழுப்பாக இருந்தால், முதல் பனிக்கட்டியிலேயே ஆர்த்தோ வார்டை உள்நோயாளியாகப் பார்க்க நேரும்.

விதி 4: ஏர்போர்ட் போட்டோவுக்கு உடுத்தாதீர்கள்

கோட் சூட் தைத்தே தீரவேண்டும் என்று வீட்டில் ஒரு கட்சி கிளம்பும். ஆறு வருடத்தில் அதை இரண்டு தடவை போடுவீர்கள்: வழியனுப்ப வேனில் வந்த பதினெட்டுப் பேரோடு மதுரை விமான நிலைய வாசலில் ஒன்று, அக்கா கல்யாண ரிசப்ஷனில் ஒன்று. இரண்டாவது முறை பட்டன் போடாது.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி காந்தி. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போனபோது, கரை இறங்கும் அன்று போடுவதற்கென்றே வெள்ளை ஃபிளானல் சூட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் கடைசி. இறங்கிப் பார்த்தால் வெள்ளை உடுப்பில் நின்றவர் அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜென்ட் கம்பெனியிடம். அன்று சனிக்கிழமை, அடுத்தது ஞாயிறு. கூச்சத்தில் நெளிந்ததை ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே மனிதர்தான் 33 வருடம் கழித்து, 1921 செப்டம்பர் 22-இல், நம் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். 1931-இல் அதே கோலத்தில், மேலே ஒரு சால்வையோடு, பக்கிங்ஹாம் அரண்மனைக்கே போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்துவிட்டு வந்தார். இதில் மருத்துவ மாணவருக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, ஏஜென்டை நம்பாமல் ஒரு மாற்றுடையும் ஒரு ஜாக்கெட்டும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, அரைவேட்டியோடு அரண்மனைக்குப் போகலாம், ஆனால் அதற்கு முதலில் மகாத்மா ஆகவேண்டும். முதலாமாண்டு அனாடமியில் அந்தச் சலுகை கிடையாது.

விதி 5: ஒரு விரல் நீள நாடா

யாருடைய லிஸ்டிலும் இல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ரஷ்யாவிலும் அந்தப் பக்கத்து நாடுகளிலும் கல்லூரிக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிற ஓர் அறை இருக்கும். கவுன்டரில் ஒரு பாட்டியம்மா. கோட்டை வாங்கி, கொக்கியில் மாட்டி, எண் பொறித்த வில்லை ஒன்றைக் கையில் தருவார். கோட்டோடு வகுப்புக்குள் போக முடியாது. கோட்டின் காலருக்கு உட்புறம், மாட்டுவதற்கு ஒரு சின்ன நாடா வளையம் இருக்க வேண்டும். இல்லை என்றாலோ அறுந்து தொங்கினாலோ அந்தப் பாட்டியம்மா ரஷ்ய மொழியில் ஒரு பாட்டு விடுவார். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் நம் அப்பத்தா திட்டுவது மாதிரியே இருக்கும்.

எனவே நாடா கால் மீட்டர், தடித்த நூல்கண்டு ஒன்று, ஊசி இரண்டு. எடை 50 கிராம்கூட வராது. புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிற தையற்காரர்களிடம் போய் நில்லுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேடம் கட்டுகிற பக்தர்களின் உடுப்பு மொத்தமும் தைத்த கைகள் அவை. வளையத்தை எப்படி இரட்டைத் தையல் போட்டுக் காலரோடு கடித்துக்கொண்டு நிற்கவைப்பது என்று காட்டச் சொல்லுங்கள். “இதுக்கு எதுக்குண்ணே காசு, வச்சுக்கங்க” என்றாலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விதி 6: உண்மையிலேயே எடுத்துப் போகவேண்டியவை

ஈரிழைத் துண்டு நான்கு; டர்க்கி டவல் காய்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். உள்ளாடைகள் தாராளமாக. கைலி இரண்டு, ஹீட்டர் ஓடும் அறையில் அதற்கு ஈடான உடை உலகில் இல்லை, ஆனால் ஹாஸ்டல் வராந்தாவைத் தாண்டக் கூடாது. முழுக்கை வைத்த, முழங்கால் வரை இறங்கும் வெள்ளைக் கோட்டு இரண்டு. பெரியாஸ்பத்திரிப் பக்கம் வாங்கினால் வெளிநாட்டில் வாங்குவதைவிட மலிவு. ஒன்றை டிசெக்ஷன் ஹாலுக்கென்றே ஒதுக்குங்கள். ஃபார்மலின் நாற்றம் ஏறினால் இறங்காது. பல கல்லூரிகளில் தலைக்குத் தொப்பியும், வார்டுக்குள் போட மாற்றுச் செருப்பும் கேட்பார்கள்.

பொங்கல் விழா என்று ஒன்று எந்த நாட்டிலும் நடந்தே தீரும். ஒட்டிக்கோ வேட்டி ஒன்று போதும். மைனஸ் 10-இல் மேடையில் வேட்டி அவிழ்வது மருத்துவ ரீதியாகவும் ஆபத்து. பெண்பிள்ளைகளுக்குப் பட்டு வேண்டாம், சுங்குடிச் சேலை ஒன்று: கனமில்லை, அலசிப் போட்டால் காய்ந்துவிடும், புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பெருமையும் கூடவே வரும்.

சேலையோடு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களில் முன்னத்தி ஏர் ஆனந்திபாய் ஜோஷி. 1883-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். 1885-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் ஜப்பானியத் தோழி கிமோனோவிலும், சிரியாக்காரத் தோழி தன் ஊர் உடையிலும், இவர் சேலையிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். மூவரும் மருத்துவ மாணவிகள். ஆனந்திபாய் 1886-இல் பட்டம் வாங்கினார். காசநோயால் மறுவருடமே, 22 வயது நிறையும் முன் இறந்துபோனார். சேலையால் வந்த நோய் அல்ல அது. ஆனாலும் வீட்டை விட்டுத் தூரமாக, பழக்கமில்லாத குளிரில் படிக்கிற பிள்ளைக்கு உடம்புதான் முதல் என்று சொல்ல இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். போட்டோவுக்குச் சேலை, பனிக்கு ஜாக்கெட்.

விதி 7: கழுத்தில் மாட்டும் சின்னப் பை

பாஸ்போர்ட், மார்க் ஷீட், நீட் ஸ்கோர் கார்டு, அட்மிஷன் கடிதம். இவை பெட்டிக்குள் போகக் கூடாது, இந்தப் பைக்குள்தான். 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைனில் போர் வெடித்தபோது, கார்கிவிலும் சுமியிலும் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பனியில் எல்லை நோக்கிக் கிளம்பினார்கள். பெட்டி பெட்டியாகக் கொண்டுபோன துணி ஹாஸ்டலிலேயே கிடந்தது. கையிலிருந்த காகிதங்களும் உடம்பில் இருந்த ஜாக்கெட்டும்தான் கூட வந்தன. அத்தை தந்த ஸ்வெட்டருக்காக யாரும் திரும்பி ஓடவில்லை.

கடைசி விதி: வெள்ளைக் கோட்டை வாங்கும் முன்

பெட்டியில் எதை மறந்தாலும் அங்கே வாங்கிவிடலாம், ஒன்றைத் தவிர. அந்த வெள்ளைக் கோட்டை மதுரையில் டாக்டராகப் போட்டுக்கொள்ளும் உரிமை எந்தச் சந்தையிலும் விற்பதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் பார்க்கத் தகுதி தருகிற பட்டமாக இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு: 300 கேள்வி, தேற 150 வேண்டும். தேறுவோரைவிடத் தேறாதவர்களே இன்றுவரை அதிகம். அதன்பிறகு இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி.

ஆகவே பெற்றோரே, ஸ்வெட்டருக்கு நான்கு கடை ஏறி இறங்குகிற கால்களால் இந்த நான்கு நிபந்தனைகளுக்காகவும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். அவர் தட்டிக்கழித்தால் பெட்டியைப் பிரித்துவிடலாம். துணி எங்கேயும் போகாது, கட்டிய பணம் திரும்பாது.