சின்ன டவுட் சார்

‘சார், ஒரு சின்ன டவுட்’ என்று வாசலில் நிற்பவன் கக்கத்தில் நீள நோட்டு இருந்தால், வீட்டில் ராத்திரிச் சமையலை மெதுவாகவே ஆரம்பிக்கச் சொல்லிவிடலாம். சின்ன டவுட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆகும். ‘சின்ன’வை விட்டுவிட்டு வெறும் டவுட் என்றானானால் வாத்தியாரின் தூக்கம் போயிற்று.

ஊர் எதுவானாலும் இவன் ஒருவன்தான். இன்ஜினீயரிங் முதல் வருஷம், இல்லாவிட்டால் பி.எஸ்ஸி. இயற்பியல். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன் என்பதை அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கூடவந்த அம்மா சொல்லி முடித்துவிடுவார். இப்போது வெக்டார் கால்குலஸ் என்று ஒன்று வந்து குறுக்கே படுத்துவிட்டது. நாளை மறுநாள் பரீட்சை. செமஸ்டர் முழுக்க எங்கேப்பா போயிருந்தாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால், ‘எங்க சார் சரியாவே நடத்தல சார்’ என்பான். அவனுடைய சாரும் அதே நேரத்தில் வேறொரு தெருவில், வேறொரு கல்லூரிப் பையனிடம் அதே வசனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நேரில் வருவதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஒரு முன்னோட்டம் நடக்கும். இரவு பதினொன்றரைக்கு ஒரு போட்டோ. கணக்கு பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கும். டியூப்லைட் வெளிச்சம் சரியாக ஐ, ஜே, கே மேல் விழுந்து மூன்றையும் அழித்திருக்கும். இன்டகரலின் லிமிட் இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய கட்டைவிரல். கீழே, ‘சார் ப்ளீஸ்’. கழுத்தை ஒடித்து அதைப் படித்துப் பதில் போட்டால், ‘தேங்க்யூ சார், நேர்லயே வந்துடறேன்’ என்று பதில் வரும்.

வந்தவன் கேட்பது பெரும்பாலும் ஒரே கணக்குத்தான். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 16 மார்க் கணக்கு என்றால் தனி மரியாதை. வெக்டார் யூனிட்டில் கிரீன், காஸ், ஸ்டோக்ஸ் என்று மூன்று பேருடைய தேற்றங்கள் முறைபோட்டுக்கொண்டு வரும். ‘வெரிஃபை’ என்று கேட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் ஓர் இன்டகரல், அந்தப் பக்கம் ஓர் இன்டகரல். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு ஒரே விடை வருகிறதென்று காட்டவேண்டும். அதிலும் காஸ் தேற்றத்துக்கு ஆஸ்தான கணக்கு ஒன்று உண்டு: நாலு எக்ஸ் இசட் ஐ, மைனஸ் ஒய் ஸ்கொயர் ஜே, பிளஸ் ஒய் இசட் கே, பக்கம் ஒன்று உள்ள கனசதுரம். இன்ஜினீயரிங் படித்தவரை நடுராத்திரி எழுப்பி இதைச் சொன்னால், ‘3/2’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நம்மவனுக்கும் விடை தெரியும். வழிதான் தகராறு. டைவர்ஜன்ஸ் பக்கம் சுலபம். நாலு வரியில் 3/2 வந்துவிடும். மறுபக்கத்தில் கனசதுரத்தின் ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். கேள்வி போட்ட புண்ணியவான் மூன்று முகங்களில் பூஜ்யம் வரும்படி வைத்திருக்கிறார். மிச்ச மூன்றில் 2, மைனஸ் 1, 1/2. நம்மவன் நடுவிலுள்ள மைனஸை விழுங்கியிருப்பான். ஆக மொத்தம் 7/2. அதற்கு அடுத்த வரியில் 3/2 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, ‘ஹென்ஸ் வெரிஃபைட்’ என்று முடித்திருப்பான். இரண்டு வரிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது அவனுக்கும் பேனாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கட்டுக் கட்டாகத் திருத்துகிறவர் இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார் என்பது அவன் நம்பிக்கை. அது அவ்வளவு சுலபமாகப் பொய்த்துப்போவதும் இல்லை.

இவர்களோடு மாரடித்ததில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அவன் கேட்கிற டவுட் வேறு, அவனுக்கு இருக்கிற டவுட் வேறு.

‘எந்த இடத்துலப்பா நின்னுபோச்சு?’

‘ஸ்டோக்ஸ் தியரம் சார். சர்ஃபேஸ் இன்டகரல் வரமாட்டேங்குது.’

‘அதுக்கு முன்னாடி கர்ல் போட்டியா?’

‘அதெல்லாம் போட்டுட்டேன் சார்.’

‘காட்டு பாப்போம்.’

காட்டினான். டிட்டர்மினன்ட்டை அழகாகக் கட்டம் கட்டி எழுதியிருக்கிறான். விரித்தபோது ஐ-க்கு பிளஸ், ஜே-க்கு பிளஸ், கே-க்கு பிளஸ்.

‘ஜே-க்கு முன்னாடி மைனஸ் வரணுமேப்பா?’

‘ஏன் சார்?’

ஸ்டோக்ஸைத் தேடிப் புறப்பட்டவன் பிளஸ் ஒன் டிட்டர்மினன்ட்டில் வந்து நிற்கிறான். சிலருக்கு இதையும் தாண்டிப் பின்னால் போகவேண்டியிருக்கும். ஒருவனுக்கு மூன்று மணி நேரம் கிரேடியன்ட் சொல்லிக்கொடுத்து, கடைசியில் பார்த்தால் பின்னத்தைக் கூட்டத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க அவன் தங்கை போதும், ஏழாவது படிக்கிறாள். ஆனால் அவளிடம் போய்க் கேட்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?

கோள வடிவக் கணக்குகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆர் ஸ்கொயர் சைன் தீட்டா என்று ஒரு பெருக்கல் காரணியைக் கூடவே அழைத்துப்போக வேண்டும். அதை வாசலிலேயே விட்டுவிட்டு டி ஆர், டி தீட்டா, டி ஃபை மூவரையும் மட்டும் உள்ளே அனுப்பிவிடுவான். அப்படி ஒருவன் கண்டுபிடித்த கோளத்தின் கனஅளவில் ஆரம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. கனஅளவு மீட்டரில் நிற்கிறது. ‘யூனிட் இடிக்கலையாப்பா?’ என்றேன். ‘கணக்குப் பேப்பர்ல யூனிட்டுக்கு மார்க் கிடையாது சார்’ என்றான்.

இயற்பியல் தேர்வு நடக்கும் ஹாலில் கண்காணிப்பாளராக நின்றால் கண்கொள்ளாக் காட்சி ஒன்று கிடைக்கும். காந்தப்புலக் கேள்வி வந்ததும் ஹால் முழுக்கக் கைகள் முறுக்கிக்கொள்ளும். வலக்கை விதி என்று பெயர். ஆனால் வலது கையில் பேனா இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்தால் நேரம் போய்விடும் என்று இடது கையை மடக்கிக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்ப்பான். புலம் தாளுக்குள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வந்துவிடும். இந்த ஒரு விதியில் இடதுகைக்காரப் பையன்களுக்கு இயற்கையே கைகொடுக்கிறது.

ஊக்கப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான் சரித்திரத்தில் இறங்குவதுண்டு. நாட்டிங்ஹாம் பக்கத்தில் மாவு மில்லில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் கிரீன், பள்ளிக்கூடம் போனது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான், 1828-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதானப்பா இதெல்லாம் என்றேன். பையன் பெருமூச்சு விட்டான். ‘அவருக்கு இன்டர்னல் மார்க் தொல்லை இல்ல சார்.’

சரி, ஸ்டோக்ஸுக்குப் போவோம் என்று போனேன். அந்தத் தேற்றத்தை 1850-ல் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். ஸ்டோக்ஸ் அதை 1854-ல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஒரு கேள்வியாகப் போட்டார். எழுதியவர்களில் மாக்ஸ்வெல்லும் ஒருவர். இதைச் சொன்னதும் பையன் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

‘அப்பவே கேட்டுட்டாங்களா சார்? ரிப்பீட்டட் கொஸ்டின்! கண்டிப்பா வரும்.’

நோட்டில் அந்தத் தேற்றத்துக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுக்கொண்டான்.

இந்தக் கூட்டத்திலிருந்து அபூர்வமாக ஒருவன் நிஜமான டவுட்டோடு வந்துவிடுவான். அப்படி வந்தவன் பி.எஸ்ஸி. மாணவன், முகம் தொங்கியிருந்தது. ‘சார், காஸ் வெரிஃபை ஆகமாட்டேங்குது’ என்றான். புள்ளி மின்னூட்டத்தின் புலம். மாறிலிகளை எடுத்துவிட்டால் ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில், வெளிநோக்கிப் போகிற வெக்டார். மூலப்புள்ளியை மையமாக வைத்து ஒரு கோளம். மேற்பரப்பில் தொகுத்தால் 4 பை. டைவர்ஜன்ஸ் எடுத்தால் பூஜ்யம். கனஅளவில் தொகுத்தாலும் பூஜ்யம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆர் ஸ்கொயர் சைன் தீட்டா உட்பட எல்லா ஸ்டெப்பும் சரி.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரிஃபித்ஸின் மின்இயக்கவியல் புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே நின்று நிதானமாகப் பேசுகிற விஷயம் இது. கோளத்தை எவ்வளவு சுருக்கினாலும் பரப்பு குறைகிற அளவுக்குப் புலம் ஏறுவதால் 4 பை அப்படியே நிற்கிறது, மற்ற எல்லா இடத்திலும் டைவர்ஜன்ஸ் பூஜ்யம், மையத்தில் மட்டும் அந்தச் சூத்திரம் செல்லாது, 4 பை முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது, டிராக்கின் டெல்டா வந்தது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. தலையாட்டாமல் கேட்டான். பரவாயில்லை, ஊரில் இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று பூரித்துப்போனேன்.

‘அப்ப எந்தப் பக்கத்தை சார் மாத்தணும்?’ என்றான்.

சற்றுத் திகைத்தாலும் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. மாற்றவேண்டியது கனஅளவுப் பக்கத்தைத்தான். அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு 4 பை என்று எழுதிக்கொள் என்றேன்.

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பூஜ்யம் அடித்திருந்தது. பக்கத்தில் 4 பை, அடியில் இரண்டு கோடு, ‘ஹென்ஸ் வெரிஃபைட்’.

‘அதை நேத்தே எழுதிட்டேன் சார். நடுவுல ஒரே ஒரு ஸ்டெப்தான் வேணும்.’