முழுப்பரீட்சை லீவில் உருண்டை இழப்பு: ஒரு முன்னோடி ஆய்வு

மதுரையில் முழுப்பரீட்சை லீவு விட்டு, அழகரும் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிவிட்டால் வீடுகளில் ஒரு வெறுமை சூழும். அப்போது பிள்ளைகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சத்தான தின்பண்டம் செய்வார்கள். இவ்வழக்கம் பற்றி அறிஞர்கள் இதுவரை வாய் திறந்ததில்லை, திறந்ததெல்லாம் தின்பதற்குத்தான்.

இலக்கியச் சான்று இல்லாமல் ஆய்வு ஏது? மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், நள்ளிரவில் அடையும் மோதகமும் விற்பவர்கள் பண்டத்தோடு உறங்கிப் போகிறார்கள். உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889-இல். அதற்குப் பிறகும் அந்த உறக்கத்தின் காரணத்தை யாரும் துருவவில்லை. பகலெல்லாம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மோதகம் பிடித்திருக்கிறார்கள் என்பது என் துணிபு.

இனி, வகைகள். கேழ்வரகு உருண்டை: நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பிள்ளைகள் நிறத்தைப் பார்த்ததோடு சரி. அவித்த பயறு: ஆய்வுக்கு உரியதன்று. பொரிவிளங்காய் உருண்டை: பாகு சூடாக இருக்கும்போதே பிடித்தாக வேண்டும், பிஞ்சுக் கை வெந்துவிடும்; ஆறினால் உருண்டை வராது, வந்தால் பல் போகும்.

எஞ்சுவது எள்ளுருண்டை. எள்ளை வறுத்து இறக்கியதோடு அடுப்பு வேலை முடிந்தது. உரலில் கருப்பட்டியோடு இடித்து, எண்ணெய் கசியும்போது பிடித்தால் போதும். ஆகவே பிள்ளைகள் தாராளமாகக் கை வைக்கலாம். வைக்கிறார்கள். தாம்பாளத்தில் அடுக்கியது ஒரு கணக்கு, தூக்குவாளிக்குள் போவது வேறு கணக்கு. பிள்ளைகள்தான் காரணம் என்பது ஒரு கட்சி (காண்க: அப்பத்தா, 'களவியல்', அடுப்படிப் பதிப்பு, பக்க எண்ணைக் கரையான் அரித்துவிட்டது). அப்பத்தாவேதான் என்பது மறுகட்சி (காண்க: சின்ன மதினி, 'முந்தானை முடிச்சில் மூன்று உருண்டைகள்', கொல்லைப்புற வெளியீடு, இதற்கு மறுப்பு: அப்பத்தா, மேற்படி நூல், இரண்டாம் பதிப்பு, 'திருந்தாதவளுக்குத் திருத்தாத முன்னுரை'). இரண்டையும் மறுக்கும் மூன்றாம் கட்சியும் உண்டு (காண்க: ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர், 'நான் எடுக்கல', வாய் நிறைய நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, மூலச்சான்று பல்லிடுக்கில், இடது கடைவாய், பல் துலக்குமுன் பார்வையிடலாம்).

காலக்கணிப்பில்தான் சிக்கல். உருண்டை போனது ஈராயிரம் ஆண்டுக்கு முன் என்று எழுதினால் பொன்னாடை. நேற்றுச் சாயங்காலம் என்றால் இனத்துரோகி. நான் சாயங்காலம் என்கிறேன், பொன்னாடையை மறந்துவிட்டேன். கீழடிக் கரித்துண்டுகள் காலம் கணிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. நம் எள்ளுருண்டையையும் அனுப்பிவிடலாம் என்று ஒன்றை மாதிரிக்கு ஒதுக்கி, உறையில் போட்டு, முகவரியும் எழுதி வைத்திருந்தேன். வாய்மொழித் தேர்வன்று நெறியாளர் உறையைப் பிரித்தார், மென்றார், 'சான்று போதுமானது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.