நாடுகடத்த வேண்டியது எலியை

பினாங்கில் குவீன்ஸ்பே பக்கம் கடலைப் பார்த்து நின்றால் எதிரே ஜெரெஜாக் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரைமார்களுக்கு ஒரு யோசனை உதித்தது: தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால் நோய் தீருமோ இல்லையோ, கண்ணில் படாது. கப்பலில் வந்திறங்கிய நம் ஆட்களுக்கும் அங்கேதான் நோய்க்காவல். பிற்பாடு 1969-இல் சிறைக் கைதிகளும் போனார்கள். கட்டிலுக்கடியில் சாமான் தள்ளுகிற மாதிரி, வேண்டாததையெல்லாம் அந்தத் தீவில் தள்ளினார்கள்.

தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் உதிரும் என்பது அன்றைய ஞானம். 1873-இல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் கிருமியையே கண்டுபிடித்துக் காட்டியும் அந்த ஞானத்துக்கு ஒரு கீறல் விழவில்லை.

அப்புறம் வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர். 1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், விரல் மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அழுகின சதைக்கு ஏது இந்தப் பிடி? தசை நன்றாகத்தான் இருக்கிறது, செத்தது நரம்பு.

நரம்பு லேசில் விட்டுக்கொடுக்காது. கத்தி வெட்டினால் வெட்டுக்குக் கீழே உள்ள இழை சிதையும். இழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் குப்பையை அள்ளிப் போட்டு, வரிசைகட்டி நின்று, புது இழைக்கு வழிகாட்டும். நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு வர ஒரு வருஷமாகும். சிரிக்காதீர்கள், வந்து சேரும். ஆனால் தொழுநோய்க் கிருமி மகா கெட்டிக்காரப்பயல். அவன் குடியேறுவதே அந்த ஷ்வான் செல்லுக்குள்தான். பழுதுபார்க்க வேண்டியவர் வீடே பறிபோனால் வேலை எப்படி நடக்கும்?

பிராண்ட் நரம்பிடம் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. 1948-லிருந்து, உயிரோடிருக்கும் தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

நிமிர்ந்த விரல் ராத்திரியில் குறைந்தது! மாலையில் இருந்த துண்டு காலையில் இல்லை. கண்விழித்துக் காவலிருந்து பார்த்தால், எலி. வலி தெரியாமல் தூங்குகிறவர் விரலைச் சாவகாசமாகக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. சாபம், பூர்வஜென்ம பாவம், தெய்வ தண்டனை என்று ஆயிரக்கணக்கான வருஷமாக நடந்த விசாரணையில் கடைசியில் அகப்பட்ட குற்றவாளிகள்: எலி, சூட்டுப் பாத்திரம், செருப்பில் குத்திய ஆணி.

அதன்பிறகு வேலூரில் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிறவர்களுக்குக் கூடவே ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத சரக்கு.