பெர்மிட் ரூம் பெருமான் திருச்சமூகத்துக்கு

மும்பை மாநகரின் முடிசூடா மன்னரே, தாராவித் தொண்ணூறு அடி ரோட்டின் தனிப்பெருஞ்சுடரே, மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் மங்காத மாணிக்கமே, செம்பூர்ச் சந்துகளின் நந்தா விளக்கே, பெர்மிட் ரூம் என்னும் மதுக்கூடப் பெருமானே! தோல் பதனிடவும் இட்லி விற்கவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்த குலத்தார் சார்பில் அடியேன் சாற்றும் விண்ணப்ப மாலை இது.

1949-இல் அவதரித்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நரை திரையின்றிக் கோலோச்சுகிறது. மகாராஷ்டிரம் என்று பெயர் மட்டும் மாற்றிக்கொண்டது. அதன்படி பெர்மிட் இல்லாதவர் ஒரு சொட்டும் தொடலாகாது. ஒரு நாள் பெர்மிட் சீமைச் சரக்குக்கு 5 ரூபாய், நாட்டுச் சரக்குக்கு 2 ரூபாய். எதன்பொருட்டு இந்த அனுமதி? உடல்நலத்தைப் பேணிக் காப்பதன்பொருட்டு! மஞ்சள் பாய்ந்த கண்ணும் நீர் கோத்த வயிறுமாகச் சயான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அண்ணன்மார் எத்தனை சிரத்தையாக உடல்நலம் பேணியிருக்கிறார்கள்! அவர்களில் பலர் அந்த 2 ரூபாயைக்கூடக் கட்டவில்லை என்பது ஒன்றே குறை. ஆயுள் பெர்மிட்டும் உண்டு, 1000 ரூபாய். அந்த ஆயுள் எவ்வளவு நீளம் என்று கேட்காத நாகரிகம் வேறெந்தச் சட்டத்துக்கு வாய்க்கும்?

தங்கள் குலப்பெருமையோ சொல்லி மாளாது. பெர்மிட் எளிதில் கிட்டாத அந்த வறண்ட காலத்தில் தாராவிக் கழிமுகத்துச் சேற்றில் சாராய ஊறல் போட்டு நகரின் தாகம் தீர்த்தார் வரதராஜ முதலியார். அந்தப் புண்ணியத்தில் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பிள்ளையாருக்கும் பிரமாதமான பந்தல் எழும்பியது. விக்கினம் தீர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உபயதாரர் அமைவாரா?

இத்தகைய தங்களுக்குப் போட்டியாக ஒரு கூட்டம் நடக்கிறது என்பதைக் கூச்சத்தோடு தெரிவிக்கிறேன். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், தொடங்கி வைத்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடை கொடுத்தாலும் வாங்குவதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே தகுதியாம். 25 வயது நிரம்பினால்தான் விஸ்கி என்று சட்டம் தங்கள் சபைக்கு வகுத்த கண்ணியம் எங்கே, வந்தவரையெல்லாம் உட்காரச் சொல்லும் அவர்கள் மலிவு எங்கே! பெயர்ப்பலகை கிடையாது, ஒளிவிளக்கு கிடையாது, தொட்டுக்கொள்ள மசாலாக் கடலைகூடக் கிடையாது. ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்களாம். தங்கள் மேசையில் நால்வரும் ஒரே நேரத்தில் பேசும் ஜனநாயகத்தை அறியாதவர்கள்.

தங்களுக்குக் காவலாக நிற்கும் எங்கள் குலமானத்தையும் போற்றாமல் விட்டால் நன்றி கொன்றவனாவேன். வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக ஒருவர் பட்டப்பகலில் சாக்கடை ஓரம் சயனித்திருந்தால், தெருவே தாண்டிப் போகுமே தவிர, குடும்ப கௌரவத்துக்கு ஒரு கீறல் விழாது. அதே மனிதர் குளித்து, திருநீறு பூசி, ஏதோ ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்குள் நுழைவதை யாராவது பார்த்துவிட்டால் போயிற்று மானம்! "நம்ம வீட்ல குடிகாரன் இருக்கான்னு ஊருக்கே தெரிஞ்சா, நாளைக்குத் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்று தாயார் தலையில் அடித்துக்கொள்வார். தங்கச்சியின் வளையல்கள் ஏற்கெனவே மார்வாடி கடையில் இருப்பதை ஒரு பொருட்டாக எண்ணாத பெருந்தன்மை அது.

வேகத்திலாவது அவர்கள் தங்கள் குடும்பத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா? ஒருவரைக் குடியிலிருந்து மீட்க அவர்களுக்குப் பன்னிரண்டு படிகள் வேண்டும். அதுவும் ஆயுள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். தங்கள் இளவல் கள்ளச்சாராயச் சிற்றரசரோ 2015 ஜூனில் மலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த ஒரே வார்ப்பில் நூறு பேருக்கு மேல் குடியை அடியோடு நிறுத்திக் காட்டினார். அவர்களில் ஒருவர்கூட மறுபடி குடித்ததாகத் தகவல் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் லேபர் கேம்ப் பெண்மணி ஒருவர் அந்தக் கூட்டத்தைத் தேடிப் புறப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கும் தங்கள் கருணைதான் கைகொடுக்கும். வெற்றிலைக் கடைக்காரர் இப்படித்தானே வழி சொல்வார்: "யக்கா, நேரா போனா ஒரு வைன்ஸ் வரும். அதத் தாண்டுனா தேசி பார். அப்புறம் சோத்தாங்கைப் பக்கம் பெர்மிட் ரூம் ஒண்ணு இருக்குல்லா, அதுக்கு எதுத்த சந்துல பள்ளிக்கூடம். அங்கனதான் மாடில என்னமோ கூட்டம் நடக்கும்."

புருஷனைக் கையோடு அழைத்துக்கொண்டு அவர் நடப்பார். முதல் அடையாளம் வரை வழி சரியாகவே இருக்கும்.