திருவல்லிக்கேணி வீட்டிலக்கணம்

பழைய வீடுகளைக் காரை, உத்தரம், ஓடு என்று பார்த்துப் பிரிப்பது பொறியாளர் மரபு. திருவல்லிக்கேணியில் அது செல்லாது. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் இங்கே பாதி வீடுகளுக்கு உண்டு. அதை வைத்து ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது. எனவே குடியிருந்தவரைக் கொண்டு வீட்டைப் பிரிப்பதே முறை. அப்படிப் பிரித்தால் பலகை வீடு, வாய்மொழி வீடு, வழக்கு வீடு என மூன்றாகும். மேன்ஷன் புறனடையில் அடங்கும்.

பலகை வீடாவது, வாசலில் பெயர் பொறித்த பலகை உடையது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், 1921இல் பாரதி காலமான வீடு இதற்கு எடுத்துக்காட்டு. இன்று அது அரசு நினைவு இல்லம். அவர் அங்கே வாடகைக்கு இருந்தவர் என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க. வீட்டுக்காரர் பெயர் பத்திரத்தில், வாடகைக்காரர் பெயர் பலகையில்: இத்துறையின் முதல் விதி இதுவே. வீட்டுக்காரர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இவ்விதிக்கு உச்சம் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ். 1842இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தின் முதல் குடித்தனம் பனிக்கட்டி. அமெரிக்காவில் உறைந்த நீர்நிலைகளில் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. அட்வான்ஸ் தராமல் குடியேறி, சொல்லாமல் கொள்ளாமல் கரைந்து போனது. இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, கெர்னன் என்ற நீதிபதியின் பெயரைச் சூட்டினார். காசு கொடுத்து வாங்கியவர், பெயரும் வைத்தவர், இரண்டும் நிற்கவில்லை. 1897இல் விருந்தாளியாக வந்து ஒன்பது நாள் தங்கியவர் பெயரில் இன்று அது விவேகானந்தர் இல்லம். இடையே சகோதரி சுப்புலட்சுமி அங்கே இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார்; என் கணக்கில் அந்தச் சுவர்களுக்குள் நடந்த பெரிய காரியம் அதுதான். ஆனால் ஆட்டோக்காரரிடம் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றால்தான் வண்டி கிளம்பும். வக்கீலை வென்ற சுவாமியைப் பனிக்கட்டி வென்றது.

வாய்மொழி வீட்டுக்குப் பலகை கிடையாது, பாட்டி உண்டு. துறைமுகத்தில் கணக்கராக இருந்த கணித மேதை ராமானுஜன் ஒரு காலத்தில் இந்தப் பேட்டையில் வாசம் செய்தார், 1914இல் கப்பலேறினார். அவர் கணக்குப் போட்ட திண்ணை எது என்று கேட்டுக்கொண்டு போனால், ஒரு தெருவுக்கு ஒரு திண்ணை கிடைக்கும். சாட்சியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 1878இல் ‘தி இந்து’ பத்திரிகையைத் தொடங்கிய திருவல்லிக்கேணி அறுவரில் ஒருவர் எங்கள் ரேழியில் உட்கார்ந்து காபி குடித்தார் என்றால் தள்ளுக. இங்கே காபி வீட்டுக்கு வீடு பரவியது பிற்பாடு. மோர் என்றால் பரிசீலிக்கலாம்.

வழக்கு வீட்டை அடையாளம் காண்பது எளிது. திண்ணைக்குக் கம்பிக் கிராதி, ரேழியில் மூன்று பைக், மாடிச் சுவரில் அரசங்கன்று. கதவருகே பழைய எண், புதிய எண், அதன் கீழே வரிசையாக மின் மீட்டர்கள். மீட்டர்களை எண்ணினால் வாரிசுகள் எத்தனை பேர் என்று தெரியும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்காக ஒன்று கூட்டிக்கொள்க. பாகப்பிரிவினை முடிகிற அன்று வீடும் முடிந்துவிடும், ஜாயிண்ட் வென்ச்சர் பலகை எழும்பும். வழக்கு நீடிக்கும்வரை உத்தரமும் நீடிக்கும். ஆகவே பழமையைப் பாதுகாப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு நிகரான அமைப்பு இப்பேட்டையில் இல்லை.

புறனடை: மேன்ஷன். முதல் விதிப்படி வருங்காலப் பலகைகள் எல்லாம் இங்கேதான் வரவேண்டும். இருப்பவர் அத்தனை பேரும் வாடகைக்காரர்கள். ஆனால் ஓர் அறையில் மூன்று கட்டில், மாதந்தோறும் ஆள் மாற்றம். கட்டிலுக்குப் பலகை அடிக்கும் முறையை இத்துறையார் இன்னும் வகுக்கவில்லை.