சாக்கடைக்கு யார் எக்ஸ் போடுவது?

2006இல் இந்தியாவில் 676 பேருக்குப் போலியோ. பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்தில். குற்றவாளியை உடனே பிடித்துவிட்டார்கள்: படிக்காத தாய். அமிதாப் பச்சனே விளம்பரத்தில் வந்து திட்டினார், சொட்டு மருந்து முகாமுக்கு ஏன் பிள்ளையைத் தூக்கி வரவில்லை என்று. நல்ல நடிப்பு.

அவள் தூக்கி வந்துகொண்டுதான் இருந்தாள். முடங்கிய குழந்தைகளில் பலர் பலமுறை சொட்டு மருந்து குடித்தவர்கள். முதல் வகை போலியோவுக்கு எதிராக அங்கே ஒரு தவணை தந்த பாதுகாப்பு சுமார் 9 சதவீதம். நாட்டின் பிற பகுதிகளில் அதைப்போல் இருமடங்குக்கு மேல்.

புதிய செய்தியா இது? மேல்நாட்டில் மூன்று தவணையில் வருகிற எதிர்ப்பு சக்தி நம் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று 1970களிலேயே டாக்டர் டி. ஜேக்கப் ஜான் சொல்லிவிட்டார். வேலூரிலிருந்து சொன்னார். ஜெனீவாவிலிருந்து சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்கும்.

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிர் வைரஸ். குடலில் அது பெருகினால்தான் பலன். கழிவு கலந்த தண்ணீர் குடித்து, ஓயாத வயிற்றுப்போக்கில் புண்ணாகிக் கிடக்கும் குடலிலோ மற்ற கிருமிகள் ஏற்கெனவே குடித்தனம் நடத்துகின்றன.

ஊழியர்கள் வீடு வீடாக வந்தார்கள். பிள்ளையின் சுண்டுவிரலில் மை. வாசலில் சாக்பீஸால் ‘பி’ போட்டால் வேலை முடிந்த வீடு. ‘எக்ஸ்’ போட்டால் மறுபடி வர வேண்டிய வீடு. திறந்த சாக்கடையைத் தாண்டிக் குதித்துப் போய்த்தான் எழுதினார்கள். சாக்கடைக்கு ஒருவரும் எக்ஸ் போடவில்லை.

தவணையைக் கூட்டி, மருந்தை மாற்றி, 2011 ஜனவரியோடு போலியோவை ஒழித்தார்கள். கைதட்டலாம். தகும்.

அடுத்தது ரோட்டா வைரஸ். பணக்கார நாடுகளில் 85 சதவீதத்துக்கு மேல் காக்கும் தடுப்பு மருந்து, மலாவிச் சோதனையில் கடும் வயிற்றுப்போக்கை 49 சதவீதம்தான் தடுத்தது. இந்த முறை சந்தேகம் தாய்ப்பால் மேல், அதுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று! தென்னாப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் மருந்து தரும் நேரத்தில் பாலை நிறுத்திப் பார்த்தார்கள். பலனில்லை. பாகிஸ்தானிலோ, உடனே பால் குடித்த பிள்ளைகளுக்குத்தான் மருந்து கொஞ்சம் நன்றாகப் பிடித்தது.

ஜிம்பாப்வேயில் கழிப்பறை கட்டி, கை கழுவ வசதி செய்துகொடுத்துப் பார்த்தார்கள். அதே மருந்து சற்றுக் கூடுதலாக வேலை செய்தது.

ஆனாலும் இன்னொரு தவணை கூட்டினால் என்ன என்றுதான் யோசனை ஓடுகிறது. நியாயம்தானே? இரண்டு சொட்டில் கமிஷன் எடுக்க முடியாது, சீக்கிரம் முடிந்துவிடும். சாக்கடை என்றால் டெண்டர் விட வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும், பிறகு மிச்சமிருந்தால் கட்டவும் வேண்டும்.