மாட்டுக் கொட்டகையும் எபாக்ஸி தரையும்

எழுபதுகளின் கோயம்புத்தூரில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த மூன்றையும் விட்டால் நான்காவதாக ஒரு காரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மூன்றுமே கை வைத்துப் பராமரிக்க வேண்டிய வண்டிகள். பெட்ரோல் போட்டு ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்திவிட முடியாது. வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர், டிப் ஸ்டிக்கில் ஆயில், பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும். பார்க்காதவர்களின் வண்டி அவினாசி ரோட்டில் எங்காவது புகை விட்டுக்கொண்டு நிற்கும்.

அப்பா வாங்கியது செகண்ட் ஹேண்ட் ஹெரால்டு. அதை நிறுத்த வீட்டில் தனி இடம் இல்லை. மாட்டுக் கொட்டகையில் பாதியைப் பிரித்து இடுப்பளவு சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு எருமைகள், இந்தப் பக்கம் கார். நாட்டு ஓடு வேய்ந்த கூரை, செம்மண் போட்டு இடித்த தரை, நடுவில் தொங்கும் ஒற்றை பல்பு. ஓட்டைப் பிரித்துக்கொண்டு அணில்கள் வரும். சுவரில் ஆணி அடித்து ஃபேன் பெல்ட், பழைய டியூப், கிரீஸ் கன் எல்லாம் மாட்டியிருப்பார்.

கருவிகள் எல்லாம் ஒரு காடாத் துணிச் சுருளுக்குள் அடங்கிவிடும். ஹெரால்டில் இருப்பது அங்குலக் கணக்கு நட்டுகள். ஏழு பதினாறு, அரை, ஒன்பது பதினாறு என்ற மூன்று ஸ்பேனர்கள் வண்டியில் பெரும்பாலான வேலைக்குப் போதும். அதற்கு மேல் ஒரு பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், பெரிய சுத்தியல். கை துடைக்கத் திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட். பாகங்களைக் கழுவ ரேஷன் மண்ணெண்ணெய், ஒரு பழைய அலுமினியத் தட்டு. இவ்வளவுதான் எங்கள் வீட்டு ஒர்க் ஷாப்.

அது போதுமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்த வண்டியைச் செய்த விதம். சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்த ஹெரால்டில் பானட் என்பது வெறும் மூடி இல்லை. இரண்டு மட்கார்டுகளும் அதோடு சேர்ந்தே இருக்கும். பக்கத்துக் கொண்டிகளை விடுவித்து முன்பக்கமாகச் சாய்த்தால் வண்டியின் முகம் முழுவதும் எழுந்து நிற்கும். 948 சி.சி. இன்ஜின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். முன் டயர் மீது உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரைக் கழற்றலாம். முதுகு வலிக்காமல் வேலை செய்ய வேண்டும் என்று யோசித்து ஒருவர் வரைந்த வண்டி அது. அதற்குப் பிறகு வந்த எந்தக் காரிலும் அந்தக் கருணையை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவார். உள்ளே மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி எழுப்பும் சி.பி. பாயிண்ட்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் அந்த இதழைப் பாயிண்ட்டுக்கு நடுவில் விட்டு, இழுக்கும்போது லேசாகப் பிடிக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வார். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை என்ற அந்தப் பிடிமானம் விரலுக்குத்தான் தெரியும். பிறகு பிளக்குகளை உப்புத்தாளால் தேய்ப்போம். பிளக்கின் நுனி செங்கல் பழுப்பில் இருந்தால் எரிதல் சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்ஜினின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நான்கு பிளக்குகளைத் தரையில் வரிசையாக வைத்துப் படித்துவிடலாம். இன்று ஸ்கேனர் எழுத்தும் எண்ணுமாகச் சொல்வதை அன்று நிறம் சொன்னது.

ஹெரால்டில் இன்னொன்று. முன் சக்கரத்தைத் திருப்பும் கீழ் மூட்டு, ட்ரன்னியன் என்பார்கள், அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 கிரேடு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே போய் இறுகிவிடும், மரையில் எண்ணெய் ஏறாது, தேய்ந்து துருப்பிடித்து ஒரு நாள் மூட்டு உடைந்து சக்கரம் மடங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘எல்லாத்துக்கும் கிரீஸ்’ என்று அடித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அப்பா அதற்கென்றே தனி கன் வைத்து, அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார். அந்தக் கன்னை வேறு எதற்கும் தொட விடமாட்டார்.

பெரிய வேலை என்றால் கணபதியிலிருந்து மேஸ்திரி வருவார். சைக்கிள் கேரியரில் கருவிப் பெட்டியோடு ரயில்வே ஸ்லீப்பர் கட்டையிலிருந்து அறுத்த நான்கு துண்டுகளையும் கட்டிக்கொண்டு வருவார். வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் அந்தக் கட்டைகளைச் சேஸிஸுக்கு அடியில் அடுக்குவார். ஜாக்கியை இறக்கி எடையைக் கட்டை மேல் உட்கார வைப்பார். பிறகு இரண்டு கையாலும் வண்டியை ஆட்டுவார். அது அசையாவிட்டால்தான் சாக்கை விரித்துப் படுப்பார்.

“ஜாக்கி தூக்கறதுக்குத்தானுங்க தம்பி, தாங்கறதுக்கு இல்லீங்க” என்பார் என்னிடம். நான் பள்ளிக்கூடப் பையன், அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கொங்கு வழக்கப்படி எனக்கும் அந்த ‘ங்க’ கிடைத்தது.

உதிரி பாகங்கள் கிடைப்பது அன்று பெரும்பாடு. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளுக்குக் கடிதம் எழுதினால் லாரி பார்சலில் வரும். வராவிட்டால் புதுப்பேட்டைக்குப் போகும் யாரிடமாவது சொல்லி, உடைத்த வண்டியிலிருந்து எடுத்து வரச் சொல்ல வேண்டும். ஆனால் கோயம்புத்தூருக்கென்று ஒரு வசதி இருந்தது. ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைகள். தேய்ந்த புஷ்ஷைக் காட்டினால் பித்தளைத் தண்டிலிருந்து சாயங்காலத்துக்குள் புதியது கடைந்து தருவார்கள். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கைகளுக்கு ஒரு கார் புஷ் பெரிய விஷயம் இல்லை. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இருந்த ஊர் என்பதும் சேர்ந்து, கழற்றிப் பார்க்கப் பயம் இல்லாத ஒரு மனநிலை அந்தத் தெருக்களில் இருந்தது. பின்னாளில் பந்தய வீரர் கரிவரதன் இதே ஊரில் மாருதி இன்ஜினை வைத்துப் பந்தயக் கார்கள் செய்து சோழவரத்தில் ஓடவிட்டாரே, அதுவும் இந்த மண்ணில் முளைத்ததுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அங்குல ஸ்பேனர்கள் பரணுக்குப் போயின. 10, 12, 14, 17 என்று மில்லிமீட்டர் கணக்கு வந்தது. கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது, சி.பி. பாயிண்ட்டின் இடத்தில் சென்சார் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி நடைமுறைக்கு வந்தபோது இன்ஜினுக்கு மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இன்றைய கார் 10,000 கிலோமீட்டர் வரைக்கும் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை.

கார் கை கேட்ட காலத்தில் எங்களிடம் கொட்டகைதான் இருந்தது. அது கேட்காத காலத்தில்தான் வீட்டிலேயே ஒரு நல்ல கேரேஜ் கட்ட என்னால் முடிந்தது. ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு வரைந்தபோது இன்ஜினியர் சொன்னார்: “கார் பார்க்கிங்தானுங்களே சார், பத்துக்குப் பதினெட்டு போதுமுங்க.”

நிறுத்துவதற்குப் போதும். வேலை செய்யப் போதாது. ஒரு சின்னக் காரே அஞ்சரை அடிக்கு மேல் அகலம். இரண்டு பக்கமும் கதவை முழுதாகத் திறந்து, ஒரு ஆள் குனிந்து உட்கார மூன்று மூன்று அடி வேண்டும். சுவரோரம் ஒர்க் பெஞ்சுக்கு இரண்டடி. நீளம் பதின்மூன்று அடிக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு. கூட்டிப் பார்த்தால் பதினாலுக்கு இருபத்தொன்று வரும். காகிதத்தில் கோடு போடும்போது நான்கடி கூட்டுவது சுலபம், சுவர் எழும்பிய பிறகு முடியாது. நான் அடம் பிடித்து வாங்கிய இடம் அது.

தரைக்குத்தான் அதிகம் செலவழித்தேன், அது சரியான செலவு. வீட்டுக்குள் போடும் வழுவழுப்பு டைல் இங்கே ஆகாது. ஆயில் சிந்தினால் வழுக்கும், ஸ்பேனர் விழுந்தால் தெறிக்கும், டிராலி ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரத்தில் ஒரு டன் எடை ஏறும்போது விரிசல் விடும். கம்பி வலை வைத்து ஆறு அங்குலம் எம் 25 கான்கிரீட், மேலே சொரசொரப்பு விட்ட எபாக்ஸி பூச்சு. வாசல் பக்கம் மட்டும் தண்ணீர் ஓடச் சாய்வு, வண்டியைத் தூக்கும் இடம் சமதளம். சாய்வில் தூக்கிய வண்டி உருளும். இருபோஸ்ட் லிஃப்ட் இப்போது வைக்கவில்லை. ஆனால் என்றாவது வைக்கலாம் என்று கூரையை 12 அடிக்கு உயர்த்தியிருக்கிறேன்.

பிட் தோண்டச் சொன்னவர்கள் பலர். ஷெட் என்றால் குழி வேண்டும் என்பது பஸ் டிப்போவைப் பார்த்து வந்த எண்ணம். வீட்டில் அது வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்திய பெட்ரோலின் ஆவி குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும், ஒரு ஸ்விட்ச் பொறி போதும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஊறும், இருட்டில் குழந்தை விழும். முறையான காற்றோட்டமும் பொறி எழுப்பாத விளக்குகளும் வைக்க முடிந்த பணிமனைக்கு உரியது அது.

வெளிச்சம் அடுத்தது. தலைக்கு மேல் ஒரே விளக்கு என்றால், திறந்த பானட்டின் நிழல் நேராக இன்ஜின் மேல் விழும். எத்தனை வாட்ஸ் போட்டாலும் வேலை செய்யும் இடம் இருட்டுதான். பக்கச் சுவர்களில் தோள் உயரத்துக்குச் சற்று மேலே எல்.இ.டி. குழல்கள் போட்ட பிறகு அந்தத் தொல்லை போனது. வண்டிக்கடியில் சார்ஜ் விளக்கு. அந்தக் காலத்தில் கம்பிக் கூண்டுக்குள் 230 வோல்ட் பல்பை வைத்து இழுத்துக்கொண்டு போவோம். சூடான பல்பில் ஒரு துளி விழுந்தால் வெடிக்கும், பக்கத்தில் பெட்ரோல் பைப் இருக்கும். எத்தனையோ மெக்கானிக்குகள் அந்த விளக்கோடு ஆயுள் முழுக்க வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மின்சாரத்துக்கு, கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். எதிரெதிரே இரண்டு பெரிய திறப்புகள், இன்ஜின் ஓடும்போது இரண்டும் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தீயணைக்கும் ஏபிசி பவுடர் சிலிண்டரைக் காருக்குப் பக்கத்தில் மாட்டாமல் வாசலில் மாட்டியிருக்கிறேன். தீப்பிடித்த வண்டியைத் தாண்டிப் போய் யாரும் எடுக்க முடியாது.

கருவிகளை நான் மொத்தமாக வாங்கவில்லை. நூற்றுச் சொச்சம் உருப்படிகள் அடங்கிய பெட்டிகள் கண்ணைப் பறிக்கும், அதில் பாதி கடைசி வரை பெட்டிக்குள்ளேயே கிடக்கும். 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் முதலில். டார்க் ரெஞ்ச் கட்டாயம். சின்னக் கார்களின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணையே வைக்க வேண்டும். காலால் மிதித்து இறுக்கும் பழக்கத்தால் போல்ட் நீண்டு, வழியில் பஞ்சரானபோது கழற்ற முடியாமல் நின்றவர்கள் ஏராளம். ஸ்கேனரும் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் துளையில் செருகினால் செக் இன்ஜின் விளக்கு எரிவதன் காரணத்தைக் குறியீடாகச் சொல்லும். எலெக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடவே வேண்டாம். உயர்ந்த வோல்டேஜ் அதில் ஓடுகிறது, அது பயிற்சி பெற்றவர் வேலை.

இத்தனை வசதியில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆயில் மாற்றலாம், பிரேக் பேட் பார்க்கலாம், ஏர் ஃபில்டர் தட்டலாம், கூலண்ட் மாற்றலாம். அதைவிட முக்கியமாக, பேத்தியின் கையில் ஃபீலர் கேஜைக் கொடுக்கலாம். பழைய ஹெரால்டு ஒன்றைத் தேடி வாங்கி அங்கே நிறுத்தியிருக்கிறேன். அவள் டயர் மீது உட்கார்ந்து பிளக்கைக் கழற்றுகிறாள். ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று தெரியாமல் இன்ஜினியரிங் படிப்பை முடிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவள் அப்படி ஆகக் கூடாது.

வீடு கட்டப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கார் நிற்கும் இடத்துக்கு இன்னும் நான்கடி கேளுங்கள், தரையைக் கான்கிரீட்டில் போடுங்கள். கருவி வாங்கப் பணம் இல்லாவிட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு நான்கை முதல் நாளே வாங்கிவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் படுக்காதீர்கள், உங்கள் மெக்கானிக்கையும் படுக்க விடாதீர்கள்.